சம்பங்கி மாமா நட்ட நாலு மூலை

கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் சங்கம் இந்த வருஷம் ஒரு மலர் போட்டது. ஒவ்வொரு உறுப்பினரைப் பற்றியும் வீட்டார் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் நாலு வரி கோர்வையாக எழுதுகிறவள் நான்தான் என்று பேர். என் அக்கா பார்வதம்மாவின் புருஷன் சம்பங்கியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். சங்கத்துச் செயலாளர் டைட்டஸ் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னா பாக்யலட்சுமி இது, மனுஷன் உயிரோட கீறாரும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் போடாததை இன்னும் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

சம்பங்கி மாமா பிறந்தது கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். இருபது வயதில் அண்டர்கிரவுண்டு வேலைக்குப் போனார். டிம்பர்மேன் வேலை. தங்கம் வெட்டி எடுத்த இடத்தில் மேலே இருக்கும் பாறை சரியாமல் இருக்க மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை அது. இருபத்தாறு வருஷம் செய்தார். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அன்றையிலிருந்து இருபத்து நாலு வருஷமாக அந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் போனால் செய்ததும் பேசினதும் சரிக்குச் சரி ஆகிவிடும்.

மலையையே தாங்கினவன் நான் என்பார். தாங்கியது மரம். இவர் அதை நிறுத்திவிட்டு நகர்ந்து வந்தார், அவ்வளவுதான். சங்கத்து பெஞ்சில் காலையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். சாப்பிட்டுத் திரும்பப் போவார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். அந்த பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேருமே ஆளுக்கு ஒரு படி நெய் வடித்துக்கொண்டிருந்ததால் அங்கே யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் மாடுகளால். மூன்று சீமை மாடுகள். விடிவதற்கு முன்னால் எழுந்து பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, சோறு பொங்கி வைத்துவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு ரயில் பாதை ஓரமாகவே நடப்பாள். மேய விட்டு, பார்த்திருந்து, சாயங்காலம் திரும்ப ஓட்டி வருவாள். மழையோ வெயிலோ, இருபது வருஷம் இதே நடை. மாமா ஒரு நாள் கூடப் போனதில்லை. மலையைத் தாங்கினவர் மாட்டைத் தாங்குவாரா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. கோலாருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தேய்மானம், இனிமேல் மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது, நடந்தால் அப்புறம் வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம் என்றார் டாக்டர். மாமா உடனே வழி சொன்னார்.

"மாட்ட வித்துடு."

"மாட்ட வித்துட்டு நான் இன்னா பண்றது? உங்க கூட வந்து சங்கத்துல உக்காரட்டுமா?" என்றாள் அக்கா.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மாடுகள் இருக்க வேண்டும், அவள் நடக்கக் கூடாது. இதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் அப்பா அக்கா பேருக்கு எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர், கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டி, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பயிர் வைக்க லாயக்கில்லை, ஆனால் புல் நன்றாக வளரும். பங்காளிகளோடு இருந்த வழக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு பக்கம் ரயில் பாதை போவதால் வேலி இல்லாமல் மாட்டை விட முடியாது. வேலி போட்டுவிட்டால் காலையில் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடலாம். சாயங்காலம் போய் ஓட்டி வந்தால் போதும்.

நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். தினமும் ரயிலில் போய் வருகிறவள். வருகிற சாமானைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, சரியில்லை என்றால் வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் வேலிக்கு என்ன வாங்குவது என்று நானே விசாரித்தேன். பேத்தமங்கலம் பக்கத்திலிருந்து கல்கம்பம் கொண்டுவந்து நடுகிற முனிவெங்கடப்பா என்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். கோலார் ஜில்லாவில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் பிளந்த கருங்கல் கம்பங்கள்தான் வரிசையாக நிற்கும். கறையான் தின்னாது, துருப் பிடிக்காது.

முனிவெங்கடப்பா நிலத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"நடுவுல ஏழடிக் கல்லு போதும். மூலைக்கு மட்டும் எட்டடி வேணும், கனமா. மூணடி உள்ள போவணும். அஞ்சு வரி முள்கம்பிய இழுத்துக் கட்டினா மூலைக் கம்பத்தை ரெண்டு பக்கமும் இழுக்கும். இழுக்கிற பக்கத்துல சாய்வா ஒரொரு முட்டுக்கல்லு வெக்கணும். மூலை நின்னா வேலி நிக்கும். நடுவுல இருக்கறதெல்லாம் சும்மா கம்பிய புடிச்சிக்கினு நிக்கிற ஆளுங்க."

இதில் யாருக்காவது புரியாதது ஏதாவது இருக்கிறதா? எங்கள் மாமாவுக்கு இருந்தது. சங்கத்திலிருந்து விஷயம் கேள்விப்பட்டு, சட்டைப் பித்தானைப் போட்டபடி வந்து சேர்ந்தார்.

"மூலைக்குக் கல்லா? யாரு சொன்னது?"

"நான்தாண்ணா."

"நீ எத்தினி வருஷமா கம்பம் நடற?"

"இருபது வருஷம்ணா."

"நான் இருபத்தாறு. அதுவும் பூமிக்கு ஒண்ணரை மைல் கீழ. கேட்டுக்க. கல்லு சத்தமே போடாம ஒடையும். மரம் அப்பிடி இல்ல, ஒடையறதுக்கு முன்னாடி பேசும். மரம் பேசினா நாங்க லெவல உட்டு ஓடுவோம். அதனாலதான் இன்னிக்கி உன் எதிர நிக்கிறேன்."

சுரங்கத்துக்குள் அது உண்மைதான். பாறையின் பாரம் ஏற ஏற மரம் முனகும், கிரீச்சிடும். பக்கத்தில் வேலை செய்கிறவன் அதைக் கேட்டு அந்த லெவலை, அதாவது அந்த ஆழத்துத் தளத்தை, விட்டு ஓடித் தப்பிப்பான். மரத்தை அங்கே அதற்காகவும்தான் நம்பினார்கள். இங்கே மேய்ச்சல் நிலத்து மூலையில் யார் இருக்கிறார்கள்? மூன்று மாடுகள். மரம் பேசினால் அவை கேட்டுக்கொண்டு என்ன செய்யும், லெவலை விட்டு ஓடுமா?

இதை நான் வாய்விட்டே கேட்டேன். "மாமா, மூலையில யாரு உக்காந்து அதுங்கூட பேசறது?"

"பொம்பளைங்களுக்கு அண்டர்கிரவுண்டு பத்தி இன்னா தெரியும்?" என்றார்.

முனிவெங்கடப்பா மெல்லச் சொன்னார். "மூலைக்கு மரம் பேடாண்ணா. ஈர மண்ணு, கறையான் கீது, வேண்டாம்."

"நடுவுல உன் கல்ல நட்டுக்கோ. நாலு மூலையும் என் பொறுப்பு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதர் இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேலையைத் தன் பொறுப்பு என்று சொல்கிறார். செய்யட்டும் விடு என்று கண்ணாலேயே சொன்னாள். லாரியில் வந்த சாமானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தத் தை மாசமே நாலு தைலமரத்தை வெட்டிக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அதை நீலகிரி என்போம். தொடை கனம். வெட்டி ஒரு வாரம் கூட ஆகவில்லை, பட்டையும் உரிக்கவில்லை, உள்ளே சாறு அப்படியே இருந்தது. காய வைக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, பச்சை மரம்தான் நன்றாகப் பேசும் என்றார்.

நட்ட விதம் அதைவிட அழகு. குழி ஒரு அடிதான். அடியில் ஒரு சப்பட்டைக் கல்லைப் போட்டு அதன்மேல் மரத்தை நிறுத்தினார். மரம் மண்ணுக்குள் போகக் கூடாதாம், கல்லின் மேல் உட்கார வேண்டுமாம். சுற்றி ஆப்புகளை அடித்து இறுக்கினார். சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி" என்றார். சுரங்கத்தில் மரத்தை அப்படித்தான் நிறுத்துவார்கள். கீழே பாறை, மேலே பாறை, நடுவில் மரம். மேலே இருக்கும் மலை அழுத்த அழுத்த மரம் இன்னும் இறுகி நிற்கும். இங்கே மேலே இருப்பது ஆகாயம். அது அழுத்துமா? இங்கே பாரம் பக்கவாட்டில் வருகிறது, கம்பி இழுக்கிறது. இந்த வித்தியாசம் ஸ்டோர்ஸில் சாமான் எண்ணுகிற எனக்குத் தெரிகிறது, எட்டாவதைத் தாண்டாத முனிவெங்கடப்பாவுக்குத் தெரிகிறது. மலையைத் தாங்கினவருக்குத் தெரியவில்லை.

முட்டுக்கல்லும் வேண்டாம் என்றுவிட்டார். நல்ல டிம்பர்மேன் நட்ட மரத்துக்கு ஊன்றுகோல் எதற்கு என்பது அவருடைய கேள்வி.

வேலி முடிந்த அன்று சங்கமே திரண்டு வந்தது. டைட்டஸ் மாலை கொண்டுவந்திருந்தார். மாமாவுக்குப் போடப் போகிறார் என்று நினைத்தேன், மாமாவும் கழுத்தை நீட்டினார். டைட்டஸ் மூலை மரத்துக்குப் போட்டார். தேங்காய் உடைத்தார்கள். ஆளாளுக்கு மரத்தை ஒரு தட்டுத் தட்டி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிறுத்தினது மாதிரியே இருக்கிறது என்று மெச்சினார்கள். அத்தனை பேரும் அண்டர்கிரவுண்டு ஆட்கள். ஒருவருக்காவது அண்ணாந்து பார்த்து, மேலே ஒன்றும் இல்லையே என்று சொல்லத் தோன்றவில்லை.

எட்டு மாசம் வேலி நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா காலையில் மாடுகளை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். மத்தியானத்தில் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. முட்டி வீக்கம் வடிந்தது. சித்திரையில் ஒரு நாள், "பரவால்லியே மாமா" என்று நானும் சொல்லித் தொலைத்தேன். அதை அவர் சங்கத்தில் ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரம் என்னவோ தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்து சுருங்கியது. ஆப்புகள் தளர்ந்தன. பட்டைக்குள் கறையான் மண் ஏறியது. புரட்டாசியில் மழை பிடித்ததும் செம்மண் களியாகிவிட்டது. ரயில் பாதைப் பக்கத்து மூலைதான் முதலில் அசைந்தது. அது பேசவும் பேசியது. பொய் சொல்லக் கூடாது, மாமா சொன்னபடியே மரம் மூன்று நாள் பேசியது. அக்கா காலையும் மாலையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"இன்னாங்க, அந்த மூலை மரம் கிரீச் கிரீச்சுன்னுது. வந்து பாருங்க."

மாமா போனார். மரத்தில் காதை வைத்துக் கேட்டார். வலது காதை வைத்தார், இடது காதை வைத்தார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்ல. காத்து," என்றார்.

இருபத்தாறு வருஷம் டிரில் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் இருந்த காது. வீட்டில் டிவியை அவர் வைக்கிற சத்தத்துக்கு நாலாவது வீட்டுக்காரர்கள் அதிலேயே செய்தி கேட்பார்கள். காதைப் பரிசோதிக்கலாம் வாங்க என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். என் காதுக்கு என்ன கேடு என்பார். பேசுகிற மரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்து நட்டவருக்குக் காது கேட்காது. இதை ஒரு வெளி ஆளிடம் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்பான்.

நாலாம் நாள் சாயங்காலம் அந்த மூலை சாய்ந்தது. உடையவில்லை. முருங்கைக் கிளையைப் பிடுங்கிப் போட்டதுபோல அடியோடு வந்துவிட்டது. மூலை போனதும் இரண்டு பக்கமும் அஞ்சு வரிக் கம்பியும் தொய்ந்து தரையில் கிடந்தது. நடுவில் இருந்த முனிவெங்கடப்பாவின் கல்கம்பங்கள் ஒன்று கூட அசையவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் நின்றன. மாடுகளை ஓட்டிவரப் போன அக்கா, அவளுடைய சினை மாடு தண்டவாளத்தின் மேல் நிற்பதைப் பார்த்தாள். ரயில் வருகிற நேரம்.

அந்த ரயிலில் நான் இருந்தேன். கோரமண்டல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீளமாக ஊதிக்கொண்டே வேகம் குறைந்து, வண்டி நின்றது. இருபது நிமிஷம் நகரவில்லை. பெட்டியில் எல்லாரோடும் சேர்ந்து நானும் முணுமுணுத்தேன். எவனோ மாட்டைக் கட்டிப் போடாமல் விட்டிருக்கிறான், இவனுங்களை எல்லாம் உள்ளே போடணும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னதற்கு ஆமாம் போட்டேன்.

ஸ்டேஷனில் இறங்கியதும் விஷயம் கேள்விப்பட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், பாதையோர ஜல்லிக்கல்லின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். சினை மாடு நல்லபடியாக ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைத் தண்டவாளத்திலிருந்து இழுத்துவிட ஓடியதில் அக்கா தடுக்கி, அந்த வலது முட்டி மேலேயே விழுந்திருந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன்.

மாமா வந்தார். சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"மண்ணு சரியில்ல," என்றார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இங்கே விழுந்தது என் அக்கா, மீசை இவருடையது.

கோலார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். முட்டிச்சில்லு உடைந்திருந்தது, கம்பி வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்குள் தடி ஊன்றி நடக்கலாம், மாட்டின் பின்னால் நடப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று வாரமும் மாடுகள் கொட்டகையிலேயே கட்டிக் கிடந்தன. நான் லீவு போட்டு வைக்கோல் போட்டேன், பால் கறந்தேன். மாமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய் வந்தார். சங்கத்துப் பக்கம் போகவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் டைட்டஸ் மலரில் போட்டிருப்பார். எனக்கு வரவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் முனிவெங்கடப்பாவை வரச் சொன்னேன். டிராக்டரில் நாலு எட்டடிக் கல்லும் எட்டு முட்டுக்கல்லும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குழி நானே தோண்டறேன். எத்தினி அடின்னு சொல்லு. மூணா? மூணரையே தோண்டறேன்," என்றார்.

எழுபது வயசில் புத்தி வந்துவிட்டது, இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நான் கிளம்பினேன்.

"கல்லு வேணாம்," என்றாள் அக்கா.

எனக்குப் புரியவில்லை. "இன்னாக்கா சொல்ற? நாலு மூலையும் நட்டுட்டா இன்னிக்கே மாட்ட உள்ள உட்டுடலாம்."

"உட்டுடலாம். அப்பறம் இவரு கதவ சாத்திட்டு சங்கத்துக்குப் பூடுவாரு." அவள் குரலை உயர்த்தவில்லை. முனிவெங்கடப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நான் இருபது வருஷம் நடந்தேன். இவரு ஒரு வருஷம் நடக்கட்டும். அடுத்த வருஷம் இதே மாசம் கூப்பிடறேன், வந்து நடுங்க."

முனிவெங்கடப்பா மாமாவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆயித்தம்மா, அப்பிடியே ஆவட்டும். கல்லு ஒண்ணும் கெட்டுப் போவாது," என்று டிராக்டரில் ஏறினார்.

நான் இத்தனை வருஷமாக அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அக்கா ஒரு தரம் கூட அவரைக் குறை சொன்னதில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் எனக்குத்தான் எரிகிறது என்று நினைத்திருந்தேன்.

மாமா கடப்பாரையைச் சுவரோரம் சாத்தி வைத்தார். கொட்டகைக்குப் போய் மூன்று மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரயில் பாதைப் பக்கம் பார்த்தார், பாலகாட் போகிற ரோட்டுப் பக்கம் பார்த்தார். அப்புறம் அக்காவிடம் வந்தார்.

"பார்வதி, நீ எந்தப் பக்கமா ஓட்டினு போவ?"

அவள் அவர் காதுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "மாடுங்களுக்குத் தெரியும். பின்னாடியே போங்க."